பத்தாயிரத்தில் நால்வர்

(கழகப் படிப்பகம் ஒன்றின் ஆண்டுவிழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



தேர்தல் களத்தைப் பற்றி நான் பேசுவேன் என்று எதிர்பார்த்து வந்தவர்கள் இங்கே பலர் இருக்கக்கூடும். மாற்றார் கூடாரத்திலே மண்டிக் கிடக்கும் குழப்பத்தை எடுத்துக் காட்டுவேன், கைதட்டலாம், கலகலவெனச் சிரிக்கலாம் என்று முன்வரிசையிலே இடம் பிடித்தவர்களும் உண்டு. அவர்கள் பொறுத்தருள வேண்டும். இன்று நான் காற்றைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். கவிஞர்கள் பாடும் தென்றலை அல்ல; கடலோடிகள் அஞ்சும் புயலை அல்ல; நீங்களும் நானும் இதோ இந்த நொடியிலே இழுத்து விடுகிறோமே, நிறமற்ற, மணமற்ற, கண்ணுக்குப் புலப்படாத அந்தக் காற்றைப் பற்றி!

ஏன் பேசுகிறேன்? வெயில் ஏறிக்கொண்டே போகிறது, தோழர்களே! ஆலைப்புகை பெருகுவதற்கு முந்திய காலத்தோடு ஒப்பிட்டால், 2024-ஆம் ஆண்டில் உலகின் சராசரி வெப்பம் ஒன்றரைப் பாகைக்கும் சற்று மேலே ஏறி நின்றது என்று உலக வானிலை அமைப்பு கணக்கிட்டது. அதே ஆண்டு அக்டோபர்த் திங்களில், தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று அறிவித்தது. பேரிடர் என்றால் யாருக்கு இடர்? குளிரூட்டிய அறையிலே கோப்பு புரட்டுகிறவருக்கா? சாரத்தின் மீது நின்று சிமெண்டுச் சட்டியைக் கைமாற்றுகிறாளே, அந்தத் தாய்க்கு! உப்பளத்திலே, கண்ணைக் கூசவைக்கும் வெண்மையின் நடுவே, காலெல்லாம் வெடித்து நிற்கிறானே, அந்தத் தோழனுக்கு! கொதிக்கும் தாரை ஊற்றிச் சாலை போடுகிறானே, அவனுக்கு!

அந்த வெயில் ஏன் ஏறுகிறது என்று கேட்டால் நாட்டிலே இரண்டு விடைகள் உலவுகின்றன.

ஒன்று, பழைய விடை. கலி முற்றிவிட்டது, தெய்வம் சினந்துவிட்டது, வேள்வி வளர்த்தால் சினம் தணியும் என்பது. 2019-ஆம் ஆண்டுக் கோடையிலே சென்னை மாநகரம் குடத்தோடு தெருவிலே நின்றது நினைவிருக்கிறதல்லவா? அந்த ஆண்டுதான், மழை வேண்டித் திருக்கோயில்களில் யாகம் நடத்துமாறு அறநிலையத் துறையிடமிருந்தே சுற்றறிக்கை போயிற்று! அந்த விடைக்கு மறுமொழி சொல்லி உங்கள் பொழுதை நான் வீணாக்கப் போவதில்லை. இந்த மேடை ஏறியவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருவதுதான் அது.

இரண்டாவது விடை புதியது, பகட்டானது, அறிவியல் சட்டையை இரவல் வாங்கி அணிந்துகொண்டு வருவது. தேநீர்க் கடையிலே நம் தோழனை மடக்குகிறார் ஒருவர்: "தம்பி! கரியமிலவாயுவினால் உலகம் சூடேறுகிறது என்கிறாயே, காற்றிலே அது எவ்வளவு இருக்கிறது தெரியுமா? பத்தாயிரத்தில் நான்கு! பத்தாயிரம் பேர் கூடிய மாநாட்டிலே நான்கு பேர் என்ன கிழித்துவிட முடியும்?" என்கிறார். கூட்டம் சிரிக்கிறது. நம் தோழன் திகைக்கிறான். கணக்கு என்னவோ சரிதானே என்று எண்ணுகிறான்.

கணக்கு சரிதான். கேள்விதான் தவறு. எத்தனை பேர் என்பதல்ல கேள்வி, எவர் என்ன செய்கிறார் என்பதே கேள்வி. தாய்மார்களே, வெள்ளை வேட்டிக்கு நீலம் போடுகிறீர்களே, ஒரு வாளித் தண்ணீருக்கு எத்தனை சொட்டு? வாளி நிறையத் தண்ணீர் இருந்தும் அது வெளிச்சத்தை வழிமறிக்கவில்லை. இரண்டே சொட்டு நீலம், வெளிச்சத்தின் ஒரு பகுதியைப் பிடித்து நிறுத்திக்கொள்கிறது. மிஞ்சிய நீலநிறம் நம் கண்ணுக்கு வருகிறது. காற்றிலே கரியமிலவாயு செய்வதும் அதே வேலைதான். வேறுபாடு ஒன்றே: அது பிடித்து நிறுத்தும் வெளிச்சம் நம் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம்.

கண்ணுக்குத் தெரியாத வெளிச்சமா? ஆம். வீட்டிலே தொலைக்காட்சிக்கு ரிமோட் வைத்திருக்கிறீர்கள். அதன் முனையைச் செல்பேசியின் முன்பக்கக் கேமராவுக்கு நேரே பிடித்துப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். வெறுங்கண்ணுக்கு இருட்டாக இருந்த முனை, பெரும்பாலான செல்பேசித் திரைகளில் ஊதாப் பொட்டாக மின்னும். அதுதான் அகச்சிவப்புக் கதிர்.

அதைக் கண்டறிந்தவர் இசைவாணர் ஒருவர்! வில்லியம் ஹெர்ஷல் என்பது அவர் பெயர். ஜெர்மனியின் ஹனோவரிலே பிறந்து, இங்கிலாந்திலே பாத் நகரத்து மாதாகோயிலில் ஆர்கன் வாசித்துப் பிழைத்தவர். பின்னாளிலே தொலைநோக்கியைத் திருப்பி யுரேனஸ் கோளைக் கண்டவர். 1800-ஆம் ஆண்டு, முப்பட்டைக் கண்ணாடி வழியே சூரிய ஒளியைச் செலுத்தினார். ஊதா முதல் சிவப்பு வரை நிறங்கள் விரிந்தன. ஒவ்வொரு நிறத்திலும் எவ்வளவு சூடு என்று வெப்பமானியால் அளந்தவர், சிவப்புக்கும் அப்பால், வெறும் இருட்டாகத் தெரிந்த இடத்திலே வெப்பமானியை வைத்தார். பாதரசம் ஏறியது! சிவப்பிலே ஏறியதைவிட அதிகமாக ஏறியது! கண் காணாததால் இல்லையென்று சொல்லிவிட முடியாது என்பதைக் காட்டினார். உடனே சிலர், ஆண்டவனும் அப்படித்தானே என்று எழுந்து நிற்கக்கூடும். அமருங்கள் ஐயா! இந்தக் கண் காணாப் பொருளை எவர் வேண்டுமானாலும் வெப்பமானி வைத்து அளக்கலாம். எந்த ஊரிலும், எந்த மதத்துக்காரருக்கும், பூசாரியின் தயவில்லாமல், ஒரே விடை வரும்.

சூடான பொருள் எதுவும் இந்தக் கதிரை உமிழ்கிறது. நீங்கள் உமிழ்கிறீர்கள், நான் உமிழ்கிறேன், இந்த மேடை உமிழ்கிறது, பகலெல்லாம் வெயில் குடித்த தரை, இரவெல்லாம் விண்ணை நோக்கி உமிழ்கிறது. கதிரவன் தருவதைப் பூமி இப்படித்தான் திருப்பித் தருகிறது. வரவும் செலவும் சமமாக இருக்கும்வரை வெப்பம் நிலையாக இருக்கும்.

இந்தச் செலவுக் கணக்கிலே காற்று தலையிடுகிறதா? இதைச் சோதித்தவர்களில் முதலாமவர் ஒரு பெண்மணி. யூனிஸ் ஃபுட். 1848-ஆம் ஆண்டு அமெரிக்காவில் செனிகா ஃபால்ஸ் என்ற ஊரிலே மகளிர் உரிமை மாநாடு கூடியது. பெண்ணுக்கும் வாக்குரிமை வேண்டும் என்று முழங்கிய அந்த மாநாட்டின் பிரகடனத்திலே கையொப்பமிட்டவர் அவர். எட்டாண்டுகள் கழித்து, கண்ணாடிக் குழாய்களிலே வெவ்வேறு வாயுக்களை அடைத்து, வெப்பமானியைச் செருகி, வெயிலிலே வைத்தார். சாதாரணக் காற்று அடைத்த குழாய் 106 பாரன்ஹீட் பாகை காட்டியது. கரியமிலவாயு அடைத்த குழாய் 125 பாகை காட்டியது. வெயிலைவிட்டு எடுத்த பின்னும் அது ஆறுவதற்கு நெடுநேரம் பிடித்தது. இந்த வாயு மிகுந்த காலம் ஒன்று உலகத்தில் இருந்திருக்குமானால், அன்று வெப்பமும் மிகுந்தே இருந்திருக்கும் என்று எழுதினார். எழுதிய ஆண்டு 1856!

அல்பனி நகரத்து அறிவியல் மாநாட்டிலே அந்தக் கட்டுரையைப் படித்தவர் யார்? யூனிஸ் ஃபுட் அல்ல. ஜோசப் ஹென்றி என்ற பேராசிரியர். அறிவியலுக்கு நாடுமில்லை, ஆண் பெண் என்ற பேதமுமில்லை என்ற கருத்துப்பட அவர் முன்னுரை சொன்னாராம். நல்ல சொல்தான். ஆனால் அந்தச் சொல்லையும் ஓர் ஆண்மகனே எழுந்து சொல்ல வேண்டியிருந்தது! பிறகு அந்த அம்மையாரின் பெயரை உலகம் மறந்தது. ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின், 2011-இல், ஓய்வுபெற்ற நிலவியலாளர் ரேமண்ட் சோரன்சன் பழைய ஏடுகளிலிருந்து அதைத் தோண்டியெடுத்தார்.

அந்தச் சோதனையிலே ஒரு குறை இருந்தது. அதையும் சொல்லிவிடுவதே நேர்மை. குழாயினுள் வந்தது வெயில். பூமி உமிழும் நெடிய அலைக் கதிர் அல்ல. அந்த நெடிய அலையைக் கண்ணாடி உள்ளே விடாது. அதைத் தனியே பிரித்து அளந்தவர் அயர்லாந்துக்காரர் ஜான் டின்டால்.

டின்டாலைப் பற்றிச் சொல்ல எனக்கு மிகவும் விருப்பம். காவல்துறைச் சிப்பாயின் மகன். நில அளவைத் துறையிலே வேலைக்குச் சேர்ந்தார். கூலி போதவில்லை, நடத்தும் முறை சரியில்லை என்று தோழர்களோடு சேர்ந்து குரல் எழுப்பினார். 1843-இல் வேலையிலிருந்து விரட்டப்பட்டார்! நம்மிலே எத்தனை பேருடைய வரலாறு இது! பிறகு ஜெர்மனி சென்று பயின்று, லண்டன் ராயல் நிறுவனத்திலே பேராசிரியரானார். 1874-இல் பெல்ஃபாஸ்ட் நகரிலே, இயற்கையைப் பற்றிய ஆராய்ச்சியில் மதபீடத்துக்கு ஆணையிடும் உரிமை கிடையாது என்று அவர் ஆற்றிய தலைமையுரை, ஆயர்களையெல்லாம் கொதித்தெழச் செய்தது.

அவர் 1859-இல் நடத்திய சோதனையைக் கேளுங்கள். நீண்ட பித்தளைக் குழாய். ஒருபுறம் கொதிநீர் நிறைந்த செப்புக் கலம். அதுதான் அகச்சிவப்புக் கதிருக்கு ஊற்று. மறுபுறம், சூட்டை மின்னோட்டமாக மாற்றிக் காட்டும் நுண்கருவி. குழாயின் இரு வாயையும் எதைக் கொண்டு மூடுவது? கண்ணாடி உதவாது. பாறை உப்பைத் தகடாக அறுத்து மூடினார். நாட்டு மருந்துக் கடையிலே இந்துப்பு என்று கேட்டு வாங்குகிறோமே, அதே உப்பு! அதன் வழியே அகச்சிவப்புக் கதிர் தடையின்றிச் செல்லும்.

குழாயிலே உலர்ந்த தூய காற்றை நிரப்பினார். முள் அசைந்ததாகவே தெரியவில்லை. கதிர் வெறுங்குழாயில் போவதுபோலப் போயிற்று. கரியமிலவாயுவை விட்டார், கதிர் குறைந்தது. நீராவி கலந்த காற்றை விட்டார், குறைந்தது. ஈதர் ஆவியை விட்டார், வெகுவாகக் குறைந்தது. எல்லாமே கண்ணுக்குத் தெளிந்த வாயுக்கள். ஒன்றின் ஊடே வெப்பக் கதிர் ஓடுகிறது; மற்றொன்றிலே மாட்டிக்கொள்கிறது. ஏன் இந்த வேறுபாடு?

இந்த ஏனுக்கு விடை காண இருபதாம் நூற்றாண்டு பிறக்க வேண்டியிருந்தது. கல்லூரியைப் பாதியிலே விட்டுவந்த நான் கரும்பலகையிலே சமன்பாடு எழுத மாட்டேன். எனக்குத் தெரிந்த தொழில் நாடகம். மேடை அமைக்கிறேன்; பாருங்கள்.

திரை விலகுகிறது. இரட்டைப் பிள்ளைகள் இருவர் நிற்கிறார்கள். உருவும் ஒன்று, எடையும் ஒன்று, உடையும் ஒன்று. நடுவிலே ஒரு சுருள்வில். ஆளுக்கொரு முனையைப் பற்றியிருக்கிறார்கள். நெருங்குகிறார்கள், விலகுகிறார்கள், மீண்டும் நெருங்குகிறார்கள். இதுதான் நைட்ரஜன் மூலக்கூறு. ஆக்சிஜனும் இதே கோலந்தான். காற்றிலே நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு இந்த இரட்டையர்களே.

இப்போது அகச்சிவப்புக் கதிர் மேடைக்கு வருகிறது. அது மின்விசையின் அலை. நேர் மின்னேற்றத்தை ஒரு பக்கம் தள்ளும். எதிர் மின்னேற்றத்தை மறுபக்கம் இழுக்கும். ஆனால் இரட்டையர்களிடத்திலே ஒருவனுக்குக் கூடுதல், மற்றவனுக்குக் குறைவு என்பதே இல்லை. எப்படி ஆடினாலும் இருவரும் சமம். அலைக்குப் பிடித்திழுக்க ஒரு கைப்பிடி கிடைக்கவில்லை. வந்த வழியே போய்விடுகிறது. சமத்துவம் நிலவும் இடத்திலே சூடு ஏறுவதில்லை என்று சொன்னால் அரசியல் பேசுகிறான் என்பீர்கள், இயற்பியல்தான் பேசுகிறேன்!

அடுத்த காட்சி. மூவர் வருகிறார்கள். நடுவிலே கரி, இருபுறமும் ஆக்சிஜன். ஒரே கோட்டிலே நிற்கிறார்கள். ஆக்சிஜன்கள் எதிர் மின்னேற்றத்தைத் தம் பக்கம் சற்றே இழுத்து வைத்திருக்கின்றன. நடுவிலிருக்கும் கரியிடம் நேர் மின்னேற்றம் மிஞ்சி நிற்கிறது. இந்த மூவர் ஆடும் ஆட்டம் மூன்று வகை.

முதல் ஆட்டத்திலே, இருபுறத்து ஆக்சிஜன்களும் ஒருங்கே விலகும், ஒருங்கே நெருங்கும். இடப்பக்கத்து இழுப்பை வலப்பக்கத்து இழுப்பு ஈடுசெய்துவிடும். கதிருக்கு இங்கேயும் கைப்பிடி இல்லை. இரண்டாவது ஆட்டத்திலே, நடுவிலுள்ளவன் ஒருபுறம் சாய்கிறான். ஒரு பக்கத்துக் கயிறு குறுகுகிறது, மறுபக்கம் நீள்கிறது. சமநிலை குலைகிறது. மூன்றாவது ஆட்டம் காவடியாட்டம்! காவடித் தண்டின் இரு முனைகளும் தாழ, நடு எழும்புமே, பிறகு முனைகள் எழும்ப நடு தாழுமே, அப்படி அந்த நேர்கோடு வளைந்து வளைந்து ஆடுகிறது. வளையும்போதெல்லாம் மின்னேற்றம் மேலும் கீழும் சாய்கிறது. கதிருக்குக் கைப்பிடி கிடைத்துவிட்டது!

கைப்பிடி கிடைத்தால் மட்டும் போதாது. தாளமும் ஒத்துவர வேண்டும். ஊஞ்சலை ஆட்டுகிறவர்களுக்குத் தெரியும். அதன் போக்கறிந்து, அது வரும் வேளையறிந்து தள்ளினால்தான் ஊஞ்சல் உயரும். கரியமிலவாயுவின் காவடியாட்டம் நொடிக்கு இருபது இலட்சம் கோடி முறை. அதே தாளத்தில் துடிக்கும் கதிரின் அலைநீளம் 15 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் அதிலே பதினைந்து கூறு. இரண்டாவது ஆட்டத்தின் அலைநீளம் 4.26 மைக்ரான். நம் பூமி உமிழும் வெப்பக் கதிரோ, ஏறத்தாழ 10 மைக்ரானை உச்சமாகக் கொண்டு இருமருங்கும் பரந்து கிடக்கிறது. காவடியாட்டத்தின் 15 மைக்ரான், அந்தப் பரப்பின் செழித்த பகுதியிலே போய் விழுகிறது! வேறெங்காவது விழுந்திருந்தால் இந்த வாயுவைப் பற்றி நாம் கவலைப்பட வேண்டியிருக்காது.

நீராவியும் இப்படித்தான். நீரின் மூலக்கூறு பிறக்கும்போதே வளைந்து பிறந்தது. அதன் எந்த ஆட்டத்திலும் சமநிலை குலைகிறது. ஆகவே பரந்த அலைவரிசையில் கதிரை விழுங்குகிறது. பாலைவனத்தில் பகல் கொதித்தாலும் இரவு நடுக்குகிறது, கடற்கரை ஊரிலே நள்ளிரவிலும் புழுங்குகிறது என்றால், அதிலே நீராவிக்குப் பெரும் பங்குண்டு. ஆனால் நீராவி தலைவனல்ல, தொண்டன். காற்று சூடேறினால்தான் அது பெருகும். பாகைக்கு நூற்றுக்கு ஏழு வீதம் கூடுதலாகத் தங்க இடம் கிடைக்கும். குளிர்ந்தால் மழையாய் விழுந்துவிடும். கரியமிலவாயு அப்படி மழையாய் விழுவதில்லை. வந்ததில் ஒரு பகுதி நூற்றாண்டுக் கணக்கில் தங்கிவிடுகிறது.

இங்கே நம் மண்ணின் மைந்தர் ஒருவரைக் குறிப்பிடாமல் போக முடியாது. கதிருக்குக் கைப்பிடி கொடுக்காத ஆட்டங்கள் இருக்கின்றன என்றேனே, நைட்ரஜனின் இரட்டையர் ஆட்டம், கரியமிலவாயுவின் முதல் ஆட்டம், அவற்றை எப்படிக் காண்பது? திருச்சியிலே பிறந்து சென்னை மாநிலக் கல்லூரியிலே பயின்ற சி. வி. ராமன், 1928 பிப்ரவரி 28 அன்று கல்கத்தாவிலே வழி கண்டார். உடன் உழைத்தவர் வத்திராயிருப்பிலே பிறந்த கே. எஸ். கிருஷ்ணன். ஒளியைப் பொருளின்மீது பாய்ச்சினால், சிதறிவரும் ஒளியில் மிகச் சிறு பங்கு நிறம் மாறி வருகிறது. அந்த மாற்றம் மூலக்கூற்றின் ஆட்டத்தை அப்படியே சொல்லிவிடுகிறது. அகச்சிவப்புக் கதிருக்குப் பிடிபடாத அந்த இரண்டு ஆட்டங்களும் ராமன் ஒளியிலே பிடிபட்டன. ஆக, அந்த மூலக்கூறுகள் ஆடாமல் நிற்கின்றன என்பதல்ல செய்தி. அவையும் ஆடுகின்றன, பூமியின் கதிர் அந்த ஆட்டத்தோடு சேர முடிவதில்லை, அவ்வளவே.

சரி, நால்வர் கதிரை விழுங்கிவிட்டனர். மீதமுள்ள ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றாறு பேர் நிற்கிறார்களே, அவர்கள் எப்படிச் சூடேறினர்? மோதலால்! தரைக்கருகே ஒரு மூலக்கூறு நொடிக்குப் பல நூறு கோடி முறை அக்கம்பக்கத்தாரோடு மோதுகிறது. கதிரை விழுங்கிக் காவடியாடும் கரியமிலவாயு, அதைத் திருப்பி உமிழ்வதற்குள்ளேயே மோதப்பட்டு, தான் பெற்றதை நைட்ரஜனுக்கும் ஆக்சிஜனுக்கும் பங்கிட்டுக் கொடுத்துவிடுகிறது. மாநாட்டுப் பந்தலிலே நால்வர் கேட்ட செய்தி பத்தாயிரம் காதுகளுக்கும் பரவுவதுபோல! சூடேறிய காற்று மீண்டும் கரியமிலவாயுவை முட்டி ஆடவைக்கிறது. அது எல்லாத் திசைகளிலும் கதிரை உமிழ்கிறது. ஒரு பகுதி தரைக்கே திரும்பி வருகிறது. நால்வர் என்கிறோமே, அது வீதம், தொகை அல்ல. ஒரு கன சென்டிமீட்டர் காற்றிலே கரியமிலவாயு மூலக்கூறுகள் எத்தனை தெரியுமா? நூறு கோடியை ஒரு கோடியால் பெருக்குங்கள், ஏறத்தாழ அத்தனை! 15 மைக்ரான் கதிர் தரையிலிருந்து கிளம்பிச் சில மீட்டர் போவதற்குள் பிடிபட்டுவிடுகிறது.

இந்தச் செயல் அடியோடு இல்லாவிட்டால் நாம் இல்லை. இதே அளவு வெயிலை வாங்கும் பூமி, கதிரை விழுங்கும் வாயுக்கள் இல்லாதிருந்தால், சராசரியாகச் சுழிக்குக் கீழே 18 பாகையிலே உறைந்து கிடக்கும். இன்று சராசரி ஏறத்தாழ 15 பாகை. அந்த 33 பாகை வேறுபாட்டிலேதான் நெல் விளைகிறது, நதி ஓடுகிறது, நாம் பேசிக்கொண்டிருக்கிறோம். கம்பளி தீயதல்ல; சித்திரை வெயிலிலே மேலும் மேலும் கம்பளியைப் போர்த்துவதுதான் தீது.

இவ்வளவும் கேட்ட தேநீர்க் கடைக்காரரின் நண்பர், சாமர்த்தியசாலி, இன்னொரு கணை தொடுப்பார். "சில மீட்டருக்குள்ளேயே எல்லாக் கதிரும் பிடிபட்டுவிட்டது என்று நீயே சொல்லிவிட்டாயே! பிறகு வாயு இரட்டிப்பானால்தான் என்ன? மூடிய கதவை மறுபடி மூட முடியுமா?" என்பார். தோழர்களே, இதை இலேசாக எண்ணாதீர்கள். 1900-ஆம் ஆண்டிலே ஸ்வீடன் நாட்டு அறிவியலார் நட் ஆங்ஸ்ட்ராம் எழுப்பிய தடைதான் இது. அதற்கு நான்காண்டு முன்பு, அதே நாட்டின் ஸ்வாந்தே அர்ரேனியஸ், இந்த வாயு இரட்டித்தால் உலகம் 5 அல்லது 6 பாகை சூடேறும் என்று பென்சிலும் தாளும் கொண்டு கணக்கிட்டிருந்தார். ஆங்ஸ்ட்ராமின் தடையைக் கேட்டுப் பலர் அர்ரேனியஸை ஒதுக்கினர். அறிஞர்களையே பல்லாண்டு தடுமாற வைத்த கேள்வி.

விடை இதுதான். பிடிபட்ட கதிர் அங்கேயே சிறையிருப்பதில்லை. உமிழப்படுகிறது, மறுபடி பிடிபடுகிறது, மறுபடி உமிழப்படுகிறது, படிப்படியாக மேலேறுகிறது. மேலே போகப்போகக் காற்று மெலிகிறது. ஓர் உயரத்திலே, இனிப் பிடிக்க ஆளில்லை என்ற நிலை வந்ததும் கதிர் விண்வெளிக்குத் தப்பிவிடுகிறது. பூமியின் செலவுக் கணக்கு எழுதப்படுவது தரையிலே அல்ல, அந்த உயரத்திலே! வாயு பெருகினால் என்ன ஆகும்? முன்பு ஆளில்லாதிருந்த உயரத்திலும் இப்போது ஆள் இருக்கிறது. தப்பும் இடம் இன்னும் மேலே போகிறது. வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறியவர்களுக்குத் தெரியும், மேலே போனால் குளிர். குளிர்ந்த இடத்துக் காற்று குறைவாகவே கதிரை உமிழும். வரவு முன்போலவே வருகிறது, செலவு குறைந்துவிட்டது. மிச்சம் எங்கே போகும்? கடலிலே, நிலத்திலே, காற்றிலே சேரும். மீண்டும் வரவும் செலவும் சமமாகும்வரை கீழே சூடேறிக்கொண்டே இருக்கும். அன்றியும், 15 மைக்ரான் என்பது ஒற்றைக் கோடல்ல, இருபுறமும் சரிந்து செல்லும் மலைபோன்றது; உச்சியிலே நிரம்பினாலும் சரிவுகளிலே இன்னும் இடமுண்டு. 1956-இல் கில்பர்ட் பிளாஸ் என்பவர் கணிப்பொறியின் துணையோடு இதைக் கணக்கிட்டுக் காட்டினார். இன்றைய கணிப்பு, இரட்டித்தால் ஏறத்தாழ 3 பாகை என்பது. அர்ரேனியஸ் சொன்னதைவிடக் குறைவு, ஆனால் அற்பமன்று.

இது ஏட்டுக் கணக்கு மட்டுமல்ல. 1970-இல் பறந்த நிம்பஸ் 4 என்ற செயற்கைக்கோள், மேலேயிருந்து பூமியின் அகச்சிவப்புக் கதிரை அளந்தபோது, சரியாக 15 மைக்ரான் இருக்கவேண்டிய இடத்திலே யாரோ கடித்துத் தின்றதுபோல ஒரு பள்ளம் தெரிந்தது. 1997-இல் வேறொரு செயற்கைக்கோள் அளந்ததோடு ஒப்பிட்டு, அந்த வாயுக்களின் பெருக்கத்தால் வெளியேறும் கதிரிலே ஏற்பட்ட மாற்றத்தை 2001-இல் வெளியிட்டார்கள்.

வாயு பெருகுவதை எண்ணியவர் யார்? சார்லஸ் கீலிங். 1958-இல் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலைமீது கருவியை வைத்தார். அந்தக் கருவியே, கரியமிலவாயு எவ்வளவு அகச்சிவப்புக் கதிரை விழுங்குகிறது என்று பார்த்து அதன் அளவைச் சொல்லும் கருவி! கள்ளன் விட்டுச்சென்ற கைரேகையைக் கொண்டே கள்ளனை எண்ணினார். (அறுவைக் கூடத்திலே மயக்கத்தில் கிடக்கும் நோயாளியின் மூச்சு சரியாக இருக்கிறதா என்று காட்டும் கருவியும் இதே 4.26 மைக்ரான் விழுங்கலைத்தான் நம்பியிருக்கிறது. மூலக்கூறு பொய் சொல்லும் என்பவர், அந்த மேசைமேல் படுக்க முன்வருவாரா?) ஆலைகள் பெருகுவதற்கு முன் பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 280. கீலிங் தொடங்கியபோது 315-ஐ ஒட்டி. இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. பத்தாயிரத்தில் மூவர்கூட இல்லாமல் இருந்தவர்கள், நால்வரைக் கடந்துவிட்டார்கள். பெருக்கம் நூற்றுக்கு ஐம்பது!

அழைத்து வந்தது யார்? அமெரிக்க நாட்டவர் ஒருவர் சராசரியாக ஆண்டுக்கு ஏறத்தாழ 14 டன் கரியமிலவாயுவைக் காற்றிலே சேர்க்கிறார். இந்தியர் ஒருவர் ஏறத்தாழ 2 டன். அந்த 2 டன்னும் எல்லாருக்கும் பொதுவா? மாளிகைக்காரருக்கும் மண் சுமப்பவளுக்கும் சேர்த்துப் போட்ட சராசரி அது! சேர்த்தவர் ஒருவர், வேகிறவர் வேறொருவர். இதை உலக மன்றத்திலே உரக்கக் கேட்பது நம் உரிமை. ஆனால் ஒன்று சொல்வேன், சிலருக்குப் பிடிக்காமல் போகலாம். நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி நம் வீட்டு விளக்கை ஏற்றியது; அதை மறந்தவன் நன்றி கொன்றவன். எனினும் அந்தப் புகைபோக்கியிலிருந்து கிளம்பும் மூலக்கூறு, தமிழன் அனுப்பியதாயிற்றே என்று 15 மைக்ரான் கதிரை விட்டுவைப்பதில்லை. ஏழை அனுப்பியதாயிற்றே என்று இரக்கமும் காட்டுவதில்லை. காற்றாலையிலும் கதிரொளி மின்சாரத்திலும் நம் மாநிலம் காட்டும் முனைப்பை வெறும் பெருமைப் பட்டியலாகப் படிக்காதீர்கள் என்று தோழர்களைக் கேட்டுக்கொள்வேன்.

முடிக்குமுன் இன்னொரு தமிழரைச் சொல்கிறேன். வீரபத்திரன் ராமநாதன். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலே பொறியியல் படித்தார். படித்து முடித்ததும் செகந்திராபாத்திலே குளிர்பதனத் தொழிற்சாலையொன்றில் வேலை. குளிர்பதனப் பெட்டியிலிருந்து வாயு கசிகிறதே, ஏன் என்று கண்டுபிடிப்பது அவர் பொறுப்பு. அந்த வேலை பிடிக்காமல் மேற்படிப்புக்குப் போனார், அமெரிக்கா சென்றார். 1975-இல் அவர் வெளியிட்ட ஆய்வு எதைப் பற்றியது தெரியுமா? செகந்திராபாத்திலே கசிந்துகொண்டிருந்த அதே குளோரோஃபுளூரோகார்பன் வாயுக்களைப் பற்றி! நீராவியும் கரியமிலவாயுவும் பெரும்பாலும் தொடாமல் விடுகின்ற பகுதி ஒன்று, 8 முதல் 12 மைக்ரான் வரை, பூமியின் கதிருக்குத் திறந்த சாளரமாக இருக்கிறது. அந்தச் சாளரத்திலேதான் இவ்வாயுக்களின் ஆட்டம் வந்து விழுகிறது. அவற்றின் ஒரு மூலக்கூறு, கரியமிலவாயுவின் பத்தாயிரம் மூலக்கூறுகளுக்கு மேல் வெப்பத்தைத் தடுக்கும் என்று அவர் காட்டினார்.

ஓசோன் படலத்தை அரிக்கும் அந்த வாயுக்களை ஒழிக்க 1987-இல் மாண்ட்ரீல் நகரிலே உடன்படிக்கை எழுதினார்கள். பின்னர் உலக நாடுகள் எல்லாமே அதிலே கையொப்பமிட்டன. அவற்றுக்கு மாற்றாக வந்த வாயுக்களும் அகச்சிவப்புக் கதிரை விழுங்குகின்றன என்பதால், 2016-இல் ருவாண்டாவின் கிகாலி நகரிலே கூடி அவற்றையும் படிப்படியாகக் குறைக்க இசைந்தார்கள். குளிர்பதனப் பெட்டி செய்தவர்கள் யாரும் கடையை மூடிவிடவில்லை. வேறு வாயுவைத் தேடிக்கொண்டார்கள்.

தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். எனக்குப் பின் பேச வேண்டியவர்கள் மூவர் இருக்கிறார்கள். படிப்பகத்தின் அறிவியல் அடுக்கிலே நூல்கள் குறைவு என்று செயலாளர் சொன்னார். இன்று எனக்கு அணிவித்த துண்டுகளுக்கு ஈடாக அடுத்த கூட்டத்திலே நூல்களாகத் தாருங்கள், அந்த அடுக்கிலே நானே கொண்டுவந்து வைக்கிறேன்.